காசநோய்த் தடுப்பு: களப்பணியாளர் பயிற்சியில் ஒரு குறை

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

காசநோய் குறித்துச் சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு நடத்தப்படும் பயிற்சிகளில், நோயாளியைக் கண்டறிவதும், சளி மாதிரி வாங்கி அனுப்புவதும், மாத்திரைகள் விடுபடாமல் பார்த்துக்கொள்வதுமே பெரும்பாலான நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. நோயாளியுடன் ஒரே வீட்டில் வசித்தும் இன்னும் நோய்வாய்ப்படாமல் இருப்பவர்களைக் காப்பது எப்படி என்பது கடைசியில் அவசரமாகச் சொல்லி முடிக்கப்படுகிறது.

உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் காசநோய்க் கிருமி தொற்றியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. தொற்றியவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினருக்கே அது வாழ்நாளில் நோயாக முற்றுகிறது என்றாலும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கும் அந்த ஆபத்து மிக அதிகம். ஐசோனியாசிட் மாத்திரையைத் தினமும் 6 மாதங்களோ, அதனுடன் ரிஃபாபென்டைன் என்ற மருந்தைச் சேர்த்து வாரம் ஒருமுறை 12 வாரங்களோ உட்கொண்டால் பெரும்பாலும் நோயைத் தடுத்துவிடலாம்.

ஆனால், நலமாக நடமாடும் ஒருவரை மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கச் சம்மதிக்க வைப்பது, நோயாளியைச் சம்மதிக்க வைப்பதைவிடக் கடினம். "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, எதற்கு மருந்து?" என்ற கேள்விக்கு, படக்காட்சிகளை மட்டும் பார்த்துவிட்டு வந்த பணியாளரால் பதில் சொல்ல இயலாது. ரிஃபாபென்டைனால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது இயல்பு என்பதையும், கண் மஞ்சளானாலோ வாந்தியும் பசியின்மையும் நீடித்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லாவிட்டால், பயந்துபோன குடும்பம் அதன்பின் கதவையே திறக்காது. எனவே, அனுபவமுள்ள பணியாளருடன் வீடு வீடாகச் சென்று பேசிப் பழகுவதே பயிற்சியின் பெரும்பகுதியாக இருக்க வேண்டும்.

தடுப்பு மருந்து தொடங்கும் முன் இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை ஆகியவற்றைத் தவறாமல் விசாரிக்கப் பழக்குவதும் அவசியம். ஏற்கெனவே நோய் வந்துவிட்டவருக்கு ஐசோனியாசிட்டை மட்டும் கொடுத்தால், கிருமி அம்மருந்துக்குக் கட்டுப்படாததாக மாறிவிடக்கூடும். சிறு குழந்தைகளிடம் எடை கூடாததும் விளையாட்டில் நாட்டம் குறைவதும்கூட அறிகுறிகளே.

காற்றின் வழியே பரவும் இந்நோய்க்குத் தட்டையும் குவளையையும் பிரித்து வைக்கச் சொல்லும் பணியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். (நோயாளி ஒதுக்கப்படுவதைத் தவிர இதனால் விளைவது எதுவுமில்லை.) சன்னல்களைத் திறந்து வைக்கச் சொல்வதே பயன் தரும். அந்த வீடுகளுக்குள் நாள்தோறும் சென்றுவரும் பணியாளர்களுக்குத் தரமான என்-95 முகக்கவசமும், குறித்த இடைவெளியில் காசநோய்ப் பரிசோதனையும் கிடைப்பதைப் பயிற்சியை நடத்துவோரே உறுதிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்