பிப்ரவரியின் நாளை அகஸ்டஸ் எடுக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில், பிப்ரவரிக்கு மட்டும் ஏன் 28 நாள் என்ற கட்டுரையைப் படித்தேன். சீசர் பெயர் கொண்ட ஜூலைக்கு 31 நாள் இருக்கும்போது தன் பெயரில் உள்ள ஆகஸ்டுக்கு 30 தானா என்று ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கோபப்பட்டு, பிப்ரவரியிலிருந்து ஒரு நாளை எடுத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி நடக்கவே இல்லை. குழந்தைகள் நம்பிப் படிக்கிற பக்கம் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

இந்தக் கதையைச் சொன்னவர் 13-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பாடம் நடத்திய சாக்ரோபோஸ்கோ. அகஸ்டஸ் இறந்து ஏறக்குறைய 1200 வருடம் கழித்து! ஆனால் சீசரின் திருத்தத்துக்கும் முற்பட்ட ரோமானிய நாட்காட்டி ஒன்று, சுவர்ப்பூச்சில் தீட்டியது, இத்தாலியின் ஆன்சியோவில் கிடைத்திருக்கிறது. அதிலேயே பிப்ரவரிக்கு 28 நாள்தான். கி.மு. 45-இல் சீசர் திருத்திய புது நாட்காட்டி வந்தபோது எந்தெந்த மாதத்துக்கு எத்தனை நாள் கூடியது என்று ரோமானிய எழுத்தாளர் மக்ரோபியஸ் எழுதிவைத்திருக்கிறார். அப்போதே, பின்னாளில் ஆகஸ்ட் ஆன மாதம் 29-லிருந்து 31 ஆகிவிட்டது. அதற்கு அகஸ்டஸின் பெயர் வந்ததோ கி.மு. 8-இல்.

சரி, உண்மையான காரணம் என்ன? ரோமானியர்களுக்கு இரட்டைப்படை எண் என்றால் ஆகாது. சீசருக்கு முன்னால் அவர்களுடைய வருடத்துக்கு 355 நாள், நான்கு மாதங்களுக்கு 31, ஏழு மாதங்களுக்கு 29. பன்னிரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் விடை இரட்டைப்படையாகத்தான் வரும் என்பதால் 355 வரவேண்டுமானால் ஏதோ ஒரு மாதம் இரட்டைப்படையை ஏற்றுத்தான் ஆகவேண்டும், அது பிப்ரவரி தலையில் விழுந்தது. ஏன் பிப்ரவரி என்றால் அது இறந்தவர்களுக்கான மாதம். 13 முதல் 21 வரை முன்னோர்களுக்குப் படையல், கோயில்களை அடைத்துவிடுவார்கள், கல்யாணம் கிடையாது, கிட்டத்தட்ட நம் மகாளய பட்சம் மாதிரி. அந்தச் சடங்குகள் கலையக் கூடாது என்றுதான் சீசரும் மற்ற மாதங்களுக்கு நாள் கூட்டும்போது பிப்ரவரியைத் தொடவில்லை.

லீப் நாள் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ரோமானியர்கள் 29 என்று கடைசியில் ஒரு நாளைச் சேர்க்கவில்லை, 24-ஆம் தேதியைத்தான் இரண்டு தடவை எண்ணினார்கள். சீசருக்கு முந்தைய காலத்தில் வருடம் பருவத்தோடு ஒத்துப்போக ஒரு தனி மாதத்தையே 23 அல்லது 24-ஆம் தேதிக்குப் பிறகு நுழைப்பார்கள், அந்த வழக்கத்தின் மிச்சம் இது.

நூறால் வகுபடும் வருடம் நானூறாலும் வகுபட்டால்தான் லீப் என்ற விதி 1582-இல் போப் கிரெகரி கொண்டுவந்தது. அதைக் குழந்தைகளுக்கு விளக்க நம் ஊரிலேயே நல்ல உதாரணம் உண்டு. மொரார்ஜி தேசாய் பிறந்தது 29 பிப்ரவரி 1896. 1900 லீப் வருடம் இல்லை, அதனால் அவருடைய அடுத்த பிப்ரவரி 29 வர எட்டு வருடம் ஆனது. 1904-இல் வந்த அதே நாளில் மதுரையில் பிறந்தவர் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல். 1977-இல் பிரதமராக இருந்த மொரார்ஜி ருக்மிணி தேவியைக் குடியரசுத் தலைவராகச் சொல்லிக் கேட்க, அவர் மறுத்துவிட்டார். எனக்கு ரொம்பப் பிடித்த தகவல் இது.

அப்புறம் ஸ்வீடன். 1700-லிருந்து 40 வருடத்துக்கு லீப் நாள்களை விட்டுவிட்டே மெதுவாகக் கிரெகரியின் நாட்காட்டிக்கு மாறிவிடலாம் என்று திட்டம் போட்டார்கள். 1700-இல் விட்டார்கள், ஆனால் 1704-லும் 1708-லும் பழையபடி சேர்த்துவிட்டதால் எந்த நாட்டுத் தேதியோடும் ஒத்துப்போகாமல் தவித்து, கடைசியில் சீசரின் பழைய கணக்குக்கே திரும்ப 1712-இல் ஒரு நாளைக் கூடுதலாகப் போட்டார்கள். அந்த வருடம் அங்கே பிப்ரவரி 30 உண்மையிலேயே இருந்தது.

அடுத்த இதழில் அகஸ்டஸ் கதைக்கு ஒரு திருத்தம் போடுங்கள், கட்டுரை வந்த அதே பக்கத்தில், பிள்ளைகள் கண்ணில் படும்படியாக. அந்த இடத்தில் ஸ்வீடன் கதையையும் சேர்த்தால் மிகவும் மகிழ்வேன்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.