ஸ்பானரை என் கையில் தாருங்கள்

திருகோணமலையில் கராஜ் வைத்திருக்கும் பாஸ்மாருக்கும், லேத் பட்டறைக்காரர்களுக்கும், வெல்டிங், டிங்கரிங் செய்யும் அண்ணன்மாருக்கும்,

வணக்கம். உவர்மலையில் ஒரு வீட்டின் பின்வளவில் பழைய மொரிஸ் மைனர் காரைப் பிரித்து ஹொட் ரொட் (பழைய காரை வெட்டி, எஞ்சின் மாற்றித் தனக்கேற்றபடி கட்டும் வண்டி) கட்டிக்கொண்டிருப்பவன் நான். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். 2013இல் நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தேன். அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. அதற்கு முன் ஆறு வருடம் உங்களைப் போலவே கையில் ஓயில் கறையோடு வேலை செய்தவன்.

போன வருடம் காரின் கதவுகளை ஏற்றிக்கொண்டு மச்சானோடு ஒரு கராஜுக்குப் போனேன். கதவின் கீழ்விளிம்பில் கறள். எவ்வளவு வெட்டி எடுக்கலாம் என்று கேட்கத்தான் போனேன். அங்கிருந்த பாஸ் நல்ல மனிதர், மச்சானுக்குக் கதிரை போடச் சொன்னார், பிளேன்டீ தந்தார். ஆனால் கதவைப் பற்றிப் பேசியதெல்லாம் மச்சானோடு. “இவருக்கு என்ன கலர் வேணுமாம்?” என்றும் அவரிடமே கேட்டார். மச்சான் வங்கியில் வேலை செய்கிறவர், வெல்டிங்கைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இந்த மடல் அன்றைக்கே மனதில் எழுதத் தொடங்கியதுதான்.

ஏன் ஹொட் ரொட், ஒரு சாதாரண காரை வாங்கி ஓடலாமே என்று கேட்கிறீர்கள். சரி, சொல்கிறேன். 1930களில் கலிபோர்னியாவில் கையில் காசில்லாத பொடியன்கள் பழைய ஃபோர்ட் கார்களை வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றிப் பாரத்தைக் குறைத்து, எஞ்சினை மாற்றி, மியூரொக் போன்ற வற்றிய ஏரித் தரைகளில் ஓடவிட்டார்கள். 1932இல் எட்டு சிலிண்டர் எஞ்சினோடு வந்த வி8 ஃபோர்ட் அவர்களுக்குப் பெரிய வரமாக இருந்தது. கடையில் உள்ளது தனக்கு ஒத்துவராவிட்டால் பழையதை வெட்டி ஒட்டித் தனக்கேற்றதாக்குவதுதான் அந்தக் கலை. என் உடம்புக்கென்று செய்த கார் எந்தக் கடையிலும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் விலை எங்கே போனது என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மைனரில் இரண்டு கதவு வகை ஒன்று உண்டு. நான்கு கதவு வகையைவிட அதன் கதவு நீளம், சக்கர நாற்காலியிலிருந்து தாவி உள்ளே ஏற இடம் கிடைக்கும். நான் தேடி எடுத்தது அதுதான். ஆனால் அந்தக் கால ஃபோர்டுக்குத் தனிச் சேஸி, அதாவது அடிச் சட்டம், உண்டு, மேலுடம்பைத் தூக்கி வைத்துவிட்டு வேலை செய்யலாம். மைனரில் அது கிடையாது. தரைத் தகடும் கதவுக்குக் கீழுள்ள பெட்டிச் சட்டமும்தான் முழுப் பாரத்தையும் சுமக்கின்றன. நம் ஊர் உப்புக் காற்று முதலில் தின்பதும் அவற்றைத்தான். அதனால் ஒன்றை வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பிணைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் உடம்பு நடுவில் தொய்ந்து, பிறகு கதவே பூட்டுப்படாது.

காருக்கு அடியில் நான் படுக்க முடியாது. ஆகவே காரைத்தான் திருப்ப வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு தாங்கி நிறுத்தி, நடுவில் அச்சுக் குழாய் போட்டு, உடம்பு முழுவதையும் அதில் ஏற்றிப் பக்கவாட்டில் சுழற்றுகிறேன். பாரத்தின் மையமும் அச்சும் ஒரே உயரத்தில் அமைந்துவிட்டால் ஒரு கையால் திருப்பலாம். தரைத் தகடு என் நெஞ்சுக்கு நேரே வந்து நிற்கிறது. அண்ணன்மாரே, முதுகுவலியோடு வருடக்கணக்காகக் குழிக்குள் இறங்கி நிற்கும் உங்களுக்கும் இது உதவும். ஒருமுறை வந்து பாருங்கள்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. வெல்டிங் பொறி மடியில் விழுந்தால் எனக்குச் சுடாது. துணி கருகும் மணம் வந்த பிறகுதான் தெரியும். ஒருதடவை தொடையில் பட்ட காயம் ஆற மூன்று மாதமானது. இப்போது தடித்த தோல் ஏப்ரன் போடாமல் டோர்ச்சைத் தொடுவதில்லை. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது கையை ஊன்றி உடம்பைத் தூக்கி அமர்கிறேன், இல்லாவிட்டால் அழுத்தப் புண் வந்துவிடும். என்னைப் போன்ற ஒருவரை வேலைக்கு எடுத்தால் நீங்கள் தெரிந்திருக்க வேண்டியவை இவ்வளவுதான்.

அடுத்தது பிரேக். இதைத்தான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். பிரேக்கையும் அக்ஸிலரேட்டரையும் கையாலேயே இயக்கும் கைக் கட்டுப்பாடு பூட்டித் தரச் சொல்லி யாராவது வந்தால், பெடலில் ஒரு கம்பியை வெல்டிங் வைத்து அனுப்பிவிடாதீர்கள். அந்த இடத்தில் வெடிப்பு வந்தால் வெளியே தெரியாது, தெரியும் நாளில் கார் நிற்காது. பெடலை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி செய்து, லொக் நட் போட்டு, கழற்றிப் பார்க்கக்கூடியதாகப் பூட்டுங்கள். நெம்புகோலை முன்னால் தள்ளினால் பிரேக் பிடிக்க வேண்டும். அவசரத்தில் உடம்பு முன்னால்தான் சாயும், அந்தச் சாய்வும் பிரேக்குக்கே உதவட்டும். அக்ஸிலரேட்டர் மடியை நோக்கிக் கீழே அழுத்தும் அசைவில் இருந்தால் இரண்டும் குழம்பாது. மைனரில் நான்கு சில்லுக்கும் டிரம் பிரேக், மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் சேர்வோ கிடையாது. கால் கொடுக்கும் பலத்தைக் கை கொடுக்காது. அதனால் முன்னால் டிஸ்க் போட்டு, சேர்வோவும் பூட்டியிருக்கிறேன். பழைய டொயோட்டா வேன் ஒன்றின் பெற்றோல் எஞ்சினும் ஓட்டோ கியர் பெட்டியும் ஏறிவிட்டன. எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தில் மாற்றும் வேலை இன்னும் கிடக்கிறது, அதை ஒழுங்காகச் செய்வேன்.

கார்ப் பந்தய ஓட்டுநர் கிளே ரெகசோனி 1980இல் லோங் பீச் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகிக் கால்கள் செயலிழந்தார். இன்னொரு பந்தய ஓட்டுநர் அலெக்ஸ் சனார்டி 2001இல் பந்தய விபத்தில் இரண்டு காலையும் இழந்தார். இருவரும் கைக் கட்டுப்பாட்டோடு மறுபடி பந்தயத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கு அதைச் செய்துகொடுத்த மெக்கானிக்குகள் இருந்தார்கள். நான் தேடுவது அந்த மெக்கானிக்குகளைத்தான். நம் ஊரில் அவர்கள் இருக்கிறார்கள் என்றும் நம்புகிறேன்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடல் வலுவிழந்தவர் என்பதற்காக வேலையில் யாரையும் ஒதுக்கக்கூடாது என்கிறது. அதைக் காட்டி உங்களைப் பயமுறுத்த வரவில்லை. கராஜ் வாசலிலுள்ள வடிகானுக்கு மேல் ஒரு தகடு போடுங்கள். ஒரு மேசையை மட்டும் நாற்காலி நுழையும் உயரத்துக்கு மாற்றுங்கள். கார்புரேட்டர், ஓல்டர்னேட்டர், ஸ்டார்டர் மோட்டார் எல்லாம் இருந்துகொண்டே கழற்றிப் பூட்டும் வேலைகள்தானே? கிண்ணியாவிலும் மூதூரிலும் பாலையூற்றிலும் போரிலும் விபத்திலும் கால் இழந்த பிள்ளைகள் வீட்டோடு இருக்கிறார்கள். ஒருவரையாவது வேலை பழக எடுங்கள். அவர் வாசலுக்கு வந்தால் அவரோடு பேசுங்கள், கூட வந்தவரோடு வேண்டாம்.

கச்சான் காற்று தூசியைக் கிளப்ப முன், வாடை மழையும் ஓய்ந்திருக்கும் மாதங்களில் பெயின்ற் அடித்துவிட வேண்டும். அதற்கு முன் பிரேக் குழாய்களுக்குள் இருக்கும் காற்றை வெளியே எடுக்க வேண்டும். அது இருவர் வேலை. நெம்புகோலை நான் அழுத்திப் பிடிப்பேன். சில்லுக்குப் பக்கத்தில் குனிந்து நிப்பிளைத் திறந்து மூட ஒருவர் வேண்டும். ஞாயிறு காலையில் யாராவது வாருங்கள், தேநீர் நான் ஊற்றி வைக்கிறேன்.

அன்புடன்,
உவர்மலையிலிருந்து உங்கள் தொழிற்காரன் ஒருவன்