உயரத்தில் வேலை பார்க்கும் செல்வத்துக்கு

சிங்கப்பூர்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. என்னை இப்போது தஞ்சோங் பகார் பக்கம் ஒரு சைட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். வேலை செய்யும் இடத்திலிருந்து குவோகோ டவர் தெரிகிறது, 290 மீட்டர் உயரம்.

துபாயில் 30-வது மாடி ஓரத்துக்குப் போனாலே கால் நடுங்குகிறது, வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கும் அந்த நடுக்கம் உண்டுடா, இன்னும் முழுதாகப் போகவில்லை. அது கோழைத்தனம் இல்லை. நாம் நேராக நிற்கக் காதின் உள்பகுதி, பாதம், கண் எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. பக்கத்தில் இருக்கும் சுவரையோ தூணையோ வைத்துத்தான் உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்று கண் கணிக்கும். மாடி ஓரத்தில் கண்ணில் படுவதெல்லாம் வெகுதூரத்தில் இருப்பதால் அந்தப் பிடிமானம் கிடைப்பதில்லை. அதனால் உடம்பு நிஜமாகவே கொஞ்சம் கூடுதலாக ஆடும்.

ஆட்களை மேலே ஏற்றும் ஹாய்ஸ்ட் லிஃப்டிலிருந்து இறங்கியதும் நான் நேராக ஓரத்துக்குப் போக மாட்டேன். பக்கத்துத் தூணைப் பார்த்து, அதில் கை வைத்து, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு சற்று நிற்பேன். ஓடும் மேகத்தை அண்ணாந்து பார்க்காதே, கட்டடமே சாய்வது போலத் தோன்றும்.

விழாமல் பிடிக்க உடம்பில் கட்டும் ஹார்னஸ் பெல்ட்டின் கொக்கியைத் தலைக்கு மேலே மாட்டு. காலடியில் மாட்டினால் விழும் தூரமும் கூடும், இழுப்பும் பலமாக இருக்கும். இடம் மாறும்போது ஒரு கொக்கியை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்று. தனியாக மட்டும் வேலை செய்யாதே. ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வந்துவிடும், உடனே இறக்க ஆள் வேண்டும்.

இங்கே 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலை என்றால் பெர்மிட் வாங்க வேண்டும், 2013-இல் வந்த விதி. அந்த பெர்மிட் பற்றிப் பேசும்போதே என் பயத்தை சூப்பர்வைசரிடம் சொன்னேன். முதலில் உள்ளே கேபிள் இழுக்கும் வேலை கொடுத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் அனுப்பினார். நீயும் சொல். கூட நிற்பவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

வெயிலாலும் தலை சுற்றும், தண்ணீர் நிறையக் குடி. தரைக்கு வந்த பிறகும் சுற்றுகிறது என்றால் டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே.

தை மாதம் ஊருக்கு வரப் பார்க்கிறேன். உனக்கு லீவு எப்போது கிடைக்கும் என்று எழுது.

அன்புடன்,
குமார்