மொட்டுக்குள் ஒரு புழு

நைவாஷா, கென்யா

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து வெகுநாளாகிறது. இந்நேரம் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். இங்கே எல்லோரும் சௌக்கியம். மல்லிகாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. ரத்தினம் அண்ணன் வீட்டைக் கட்டி முடித்தாரா, இன்னும் அந்த ஜன்னலிலேயே நிற்கிறாரா?

உன் பையனை இங்கே பூப் பண்ணை வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். உடனே உட்கார்ந்திருந்தால் 'அனுப்பு' என்று ஒரே வரியில் எழுதியிருப்பேன். அதற்குள் எங்கள் பண்ணைச் சரக்கு ஒன்றை நெதர்லாந்தில் நிறுத்திவிட்டார்கள். ஒரு மொட்டுக்குள் ஒரு புழு. அந்த லாட் மொத்தமும் அழிக்கப்பட்டது.

பழங்களைத் துளைக்கும் ஓர் அந்துப்பூச்சியின் புழு அது. முட்டையிலிருந்து வந்ததும் மொட்டுக்குள் புகுந்துவிடும். வெளியே குண்டூசி முனையளவு துளை. இதழ் மடிப்பில் அதுவும் மறைந்துபோகும். ஐரோப்பாவின் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கும் மிளகாய்க்கும் அது பரவிவிடுமோ என்று அவர்களுக்குப் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 26 முதல் அவர்களுடைய சட்டம் இறுகிவிட்டது. பசுமைக்குடிலில் தொடங்கிப் பெட்டி கட்டும்வரை ஒவ்வொரு கட்டத்திலும் பூச்சியைத் தடுக்க என்ன செய்தோம் என்று எழுத்தில் காட்ட வேண்டும். பெரிய பண்ணை சமாளித்துவிடும். நாலு ஏக்கர் வைத்திருக்கிறவன் என்ன செய்வான், சொல்லு?

இத்தனைக்கும் வரி விஷயத்தில் கென்யா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 2014-ல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு வர்த்தக ஒப்பந்தப் பேச்சு இழுத்தடித்துக் கெடு தாண்டிவிட்டது. அக்டோபரிலிருந்து கிறிஸ்துமஸ்வரை கென்யப் பூவுக்கு இறக்குமதி வரி விழுந்தது. உகாண்டா, தான்சானியா, ருவாண்டா, புருண்டி எல்லாம் மிக ஏழை நாடுகள் பட்டியலில் இருப்பதால் ஒப்பந்தம் இல்லாமலேயே வரிவிலக்கு. இந்தக் கிழக்கு ஆப்பிரிக்கக் கூட்டாளிகளில் கொஞ்சம் முன்னேறிய கென்யாவுக்கு மட்டும் தண்டம்! அப்புறம் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போடலாம் என்று பார்த்தார்கள். 2016-ல் கென்யாவும் ருவாண்டாவும் போட்டன, தான்சானியா மறுத்துவிட்டது. கடைசியில் 2023 டிசம்பர் 18 அன்று நைரோபியில் கென்யா தனியாகக் கையெழுத்திட்டது. 2024 ஜூலை 1 முதல் அமல். கென்யப் பொருளுக்கு அங்கே வரி கிடையாது. ஐரோப்பியப் பொருளுக்குக் கென்யா தன் சந்தையை 25 ஆண்டுகள்வரை படிப்படியாகத் திறந்துவிடும்.

தனியாகப் போனது சரியா என்று இங்கே இன்னும் சண்டை போடுகிறார்கள். சரி என்பதுதான் என் கட்சி. பூவைக் கிடங்கில் வைத்துப் பூட்டிவிட்டுப் பேரம் பேச முடியாது. இன்று வெட்டினால் இன்றே குளிரறை, அப்புறம் லாரி, நைரோபி விமானம். நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் பூ ஏலத்தில் விலை மேலிருந்து கீழே இறங்கும். முதலில் பொத்தானை அமுக்குகிறவனுக்குச் சரக்கு. யாரும் அமுக்காவிட்டால் இறங்கிக்கொண்டே போகும். விற்கிறவன் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறான். அவன் காத்திருப்பான் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

2025 மார்ச்சில் நெதர்லாந்து அரசர் வில்லெம்-அலெக்சாந்தர் இங்கே அரசுமுறைப் பயணம் வந்தார். 2024 ஜூனில் வரி மசோதாவை எதிர்த்துத் தெருவில் இறங்கிய பிள்ளைகளைப் போலீஸ் சுட்டது உனக்கு நினைவிருக்கும். அதைச் சொல்லி, இப்போது வரவேண்டாம் என்று 20,000 பேருக்கு மேல் அரசருக்கு மனு போட்டார்கள். எங்கள் பேக்கிங் ஷெட் சூப்பர்வைசர் அம்மாவின் மகனும் அதில் கையெழுத்துப் போட்டவன். அம்மா காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்த நாட்டுக்குத்தான் பூக்கட்டு அடுக்குகிறாள், தண்டின் நீளம் பார்த்து, மொட்டின் வாயைப் பார்த்து. அவன் படிப்புக்கான பணமும் அதிலிருந்துதான். மகனைக் கண்டித்தீர்களா என்று கேட்டேன். "எதற்கு? அவன் கேட்டது நியாயம்தானே" என்றாள். எனக்கு அவளைக் கும்பிடத் தோன்றியது சேகர். இரண்டு அரசாங்கங்கள் விருந்து சாப்பிடும்போது இப்படிப்பட்டவர்களின் பேச்சு அந்த மேஜைவரை போக வேண்டாமா?

சரக்கு நின்ற செய்தி வந்த அன்று அவள்தான் பெண்களைக் கூட்டி வைத்து, மொட்டின் அடியை விரலால் எப்படித் தடவிப் பார்ப்பது என்று காட்டினாள். எந்த ஆபீசரும் சொல்லித்தரவில்லை.

உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அனுப்பு, ஆனால் இப்போது வேண்டாம். முதலில் பூச்சியியலும் தாவரத் தொற்றுத்தடுப்புச் சட்டமும் ஒழுங்காகப் படிக்கட்டும். வரியை மந்திரிகள் பேசி முடித்துவிட்டார்கள். இனி இந்த வியாபாரம் நிற்பதும் நடப்பதும் பண்ணையில் பூச்சி பார்க்கிற ஆளின் கையில்தான். அப்படி ஒருவன் வந்தால் எங்கள் மேனேஜரிடம் நானே கூட்டிப் போவேன். அவன் மார்க் ஷீட்டை அனுப்பி வை.

அன்புடன்,
குமார்