சல்லி கட்டிப் போய்ச் செஞ்ச கூலிவேல

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீங்க, அப்பா, அம்மம்மா, தம்பி எல்லாரும் சுகமா இரிப்பீங்க எண்டு நினைக்கிறன். ஞாயிற்றுக்கிழமை கதைக்கக்குள்ள லைன் வெட்டி வெட்டிப் போய் நான் சொன்னதில பாதி உங்களுக்கு விளங்கல்ல, எழுதி அனுப்பு மனே அம்மம்மாக்கு ஆறுதலா வாசிச்சுக் காட்டலாம் எண்டு சொன்னீங்கதானே, அதான் இரவு படுக்காம இருந்து ரைப் பண்றன். தம்பி வாசிக்கட்டும். நடுவில சொந்தமா ஏதும் சேர்த்து வாசிச்சா காதத் திருகிவிடுங்க.

முதல்ல உங்கட கோவத்துக்கு மறுமொழி. "சல்லியும் கட்டிப் போய் ஆரும் கூலிவேல செய்வாங்களாகா" எண்டு கேட்டீங்க. கேள்வி சரிதான். இங்க பெப்ரவரி நடுவில கம்பஸ் ஒரு கிழமை லீவு, ரீடிங் வீக் எண்டு சொல்லுவாங்க, ஆரும் ஒண்டும் வாசிக்கிறதில்ல. எங்களப்போல வெளிநாட்டுப் பிள்ளைகள் வகுப்பு நடக்கிற நாளையில கம்பஸுக்கு வெளியால கிழமைக்கு 24 மணித்தியாலம்தான் வேல செய்யலாம், இப்பிடி லீவு வந்தா அந்தக் கணக்கில்ல, முழுநேரமும் நிக்கலாம், அதால எல்லாரும் அந்தக் கிழமையில சல்லி உழைக்கத்தான் பாப்பாங்க. போன வருசம் நானும் அப்பிடித்தான் கடைக்குப் பின்னால பெட்டி உடைச்சுக்கொண்டு நிண்டன். இந்த வருசம் மனசு கேக்கல்ல. வந்து ஒண்டரை வருசம், ஸ்காபரோவையும் பஸ் ஹோல்ட்டையும் தவிர கனடாவில ஒண்டையும் நான் காணல்ல. கம்பஸ்ல ஒரு குறூப் பிள்ளைகளச் சேர்த்து மொன்றியலுக்குக் கூட்டிப்போறாங்க, அஞ்சு நாள், காலையில வொலன்டியர் வேல, பின்னேரம் ஊர் பாக்கிற, பஸ் தங்கிற இடம் எல்லாம் சேர்த்து 240 டொலர் எண்டு கேள்விப்பட்டதும் பேரக் குடுத்திட்டன். நம்மட காசுக்கு அம்பதாயிரம் வரும், தெரியும், திட்டாதீங்க. உண்மையச் சொன்னா நான் ஊர் பாக்கத்தான் போனன், சேவை அதோட ஒட்டிக்கொண்டு வந்தது.

ரொறன்ரோவில இருந்து மொன்றியல் 540 கிலோமீற்றர், ஆறு மணித்தியாலத்தில போய்ச் சேரலாம். எங்களுக்கு ஒம்பது எடுத்திச்சு. பாதி வழியில பஸ்ல ஹீட்டர் நிண்டுட்டு, வெளியால மைனஸ் 18, ட்ரைவர் ஒரு பெற்றோல் ஷெட்டில நிப்பாட்டி போனைக் காதில வச்சுக்கொண்டு நடக்கிறார் நடக்கிறார், நாங்க இருவத்திரெண்டு பேரும் கோழிக்குஞ்சு மாதிரி ஒருத்தரோட ஒருத்தர் ஒட்டிக்கொண்டு இரிக்கம். அம்மம்மா தந்த சால்வையத்தான் காலுக்குச் சுத்திக்கொண்டு இருந்தன் எண்டு அவக்குச் சொல்லுங்க, சந்தோசப்படுவா.

மொன்றியல் ஒரு தீவு அம்மா. நம்மட மட்டக்களப்பு டவுன் புளியந்தீவு மாதிரித்தான், சுத்திவரத் தண்ணி, பாலத்தால ஏறித்தான் உள்ள போகணும். ஆனா இது வாவி இல்ல ஆறு, கரையெல்லாம் ஐஸ் உறைஞ்சு துண்டு துண்டாக் கிடக்கு. ஊர் முழுக்கப் பிரெஞ்சு. 1977ல இருந்து அதுக்குச் சட்டமே வச்சிரிக்காங்க, நம்மட நாட்டு மொழிச் சட்டக் கதை தெரிஞ்ச ஆக்களுக்கு அதப் பாக்கக்குள்ள ஒரு மாதிரித்தான் இரிக்கும், எந்தப் பக்கம் நிண்டு பாக்கிறதெண்டு எனக்கு இன்னும் பிடிபடல்ல. ஸ்டொப் போட்டுக்கூட "அரெ" எண்டுதான் எழுதியிரிக்கு. கார் நம்பர் பிளேட்டுக்குக் கீழ ஒரு வரி இரிக்கு, என்னெண்டு கேட்டா "எனக்கு ஞாபகம் இரிக்கு" எண்டு அர்த்தமாம். எந்தக் கார் பின்னால நிண்டாலும் அதேதான், எனக்கு ஞாபகம் இரிக்கு எனக்கு ஞாபகம் இரிக்கு எண்டு போய்க்கொண்டிரிக்கு.

மறுகா வேலக் கதை. எங்கள முதல் ரெண்டு நாளும் விட்டது ஒரு உணவு வங்கி, 1984ல தொடங்கினதாம், கனடாவிலேயே பெரிய உணவு வங்கி அதுதான் எண்டு சொன்னாங்க. பேரு மொவாசோன் மொன்றியல். மொவாசோன் எண்டா பிரெஞ்சில அறுவடை. அந்தப் பேரக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்திட்டு, ஏனெண்டா அதே கிழமைதான் தம்பி வட்டையில மெசின் இறக்கி வேளாண்ம வெட்டுற வீடியோ அனுப்பினவன், நான் இங்க தலையில வலையக் கட்டிக்கொண்டு கால்ல இரும்பு வச்ச சப்பாத்தோட ஐஸ்பெட்டி மாதிரி ஒரு களஞ்சியத்துக்குள்ள அறுவடை செய்யிறன். கடைகள், கொம்பனிகள் விக்க ஏலாத சாமானெல்லாம் லொறியில வந்து இறங்கும், அதப் பிரிச்சுத் தரம் பாத்துப் பெட்டியில அடுக்கிக் குடுத்தா தீவு முழுக்க இரிக்கிற சின்னச் சின்ன நிலையங்கள் வந்து ஏத்திப் போவாங்க, அங்க இருந்துதான் சனத்துக்குப் போகும்.

எனக்குத் தந்தது டின் சாமான் மேசை. டின் பாக்கிறதுக்கு ஒரு முறை இரிக்கு அம்மா. நடுவில நசுங்கியிருந்தா பரவால்ல, மூடி ஒட்டியிரிக்கிற விளிம்பில நசுங்கியிருந்தா எறியணும், காத்துப் போய் உள்ளுக்குப் பழுதாகியிரிக்கும். பெருவிரல விளிம்பில வச்சு ஒரு சுத்துச் சுத்தணும், கண்ணுக்குத் தெரியாததும் விரலுக்குத் தெரியும். மறுகா மேல மூடிய அமத்திப் பாக்கணும், டொக் எண்டு உள்ள போய் வெளிய வந்தா, இல்லாட்டி ஊதிப்போய் இருந்தா அது நஞ்சு, ஒரு யோசனையும் இல்ல, குப்பை. துரு பிடிச்சதையும் துடைச்சுப் பாக்கணும், துடைக்கப் போனா சரி. திகதி முடிஞ்சதெல்லாம் எறியிறதெண்டு இல்ல, டின்ல "இதுக்கு முன்ன சாப்பிட்டா நல்லம்" எண்டுதான் போட்டிருக்கும், அந்த நாள் தாண்டினாலும் கன நாளைக்கு இரிக்குமாம். எங்களுக்கு இதெல்லாம் படிப்பிக்கவே அங்க நிக்கிற ஆக்களுக்கு ஒரு மணித்தியாலம் போயிட்டு, அந்த ஒரு மணித்தியாலத்தில அவங்களே எங்களவிட டபுளாச் செஞ்சிருப்பாங்க எண்டுதான் நான் நினைக்கிறன், ஆனா ஒருத்தரும் முகத்தச் சுளிக்கல்ல.

பதினொரு மணி போல என்ட கைக்கு ஒரு டின்மீன் வந்திச்சு. திகதி முடிஞ்சு ஏழு மாசம். விரலால சுத்திக்கொண்டு போகக்குள்ள எனக்கு 2011 வெள்ளம் ஞாபகம் வந்திட்டு.

நான் அப்ப நாலாம் ஆண்டு. ஜனவரி மழ, கதிர் பழுக்கிற நேரம், வட்டை முழுக்கக் கடல் மாதிரி. மண்முனையில வாவியக் கடக்க அப்ப பாலம் இல்ல, பாதை எண்டு சொல்ற படகும் ஓடல்ல, வாவிக்கு மேற்கால இரிக்கிற படுவான்கரைச் சனமெல்லாம் பள்ளிக்கூடத்துக்குள்ள. அப்பா ஒவ்வொரு நாளும் இடுப்பளவு தண்ணிக்குள்ள வரம்பு தேடிப் போய் வெறுங்கையோட வருவார். நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ நிவாரணம் வந்திச்சு, நீலப் பைக்குள்ள அரிசி, பருப்பு, சீனி, டின்மீன். வரிசையில நீங்கதான் என்ன முன்னுக்கு விட்டீங்க, சின்னப்பிள்ளையக் கண்டா கெதியாக் குடுப்பாங்க எண்டு. பையத் தந்த ஆள் என்ன நிப்பாட்டி, பைய நெஞ்சுக்கு நேர தூக்கிப்பிடி, சிரி எண்டு படம் எடுத்தார். நான் சிரிச்சன். அம்மம்மா பின்னால நிண்டு "பல்லக் காட்டாத புள்ள" எண்டு உறுக்கினா. அண்டைக்கு இரவு அந்த டின்மீன உடைக்கக்குள்ள அம்மம்மா மணந்து பாத்தா, திகதிய வாசிக்கச் சொன்னா, நான் வாசிச்சன், முடிஞ்சிருந்திச்சு. அவ ஒண்டும் கதைக்காமக் கறி வச்சா. எல்லாரும் திண்டம். ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகல்ல. அது ஏன் எண்டு பதினாலு வருசம் கழிச்சு மொன்றியல்லதான் எனக்கு விளங்கிச்சு, அம்மம்மாக்குச் சொல்லுங்க, அவ மூக்கு சரிதானாம்.

ரெண்டாம் நாள் முடியக்குள்ள எங்கட குறூப் லீடர் எல்லாரும் ஆளுக்கொரு பெட்டியத் தூக்கிப்பிடிச்சுச் சிரிச்சுக்கொண்டு நில்லுங்க, போடுறதுக்குப் படம் வேணும் எண்டா. நல்ல பிள்ளைதான், கெட்ட எண்ணம் இல்ல. நான் படத்த எடுத்துத் தாறன் எண்டு சொல்லி போன வாங்கி இந்தப் பக்கம் வந்திட்டன். அதால உங்களுக்கு அனுப்பின படத்தில நான் இல்ல, நான் போகவே இல்லையோ எண்டு தம்பி கேட்டவன், அதுதான் காரணம்.

மூண்டாம் நாள் பார்க் எக்ஸ்டென்ஷன் எண்டு ஒரு இடம், வெளிநாட்டுச் சனம் கன பேர் இரிக்கிற பகுதி, நம்மட ஆக்களும் இரிக்காங்க. அங்க ஒரு சின்ன நிலையத்தில சனம் வந்து தங்களுக்கு வேண்டினதத் தாங்களே பாத்து எடுக்கலாம், நாங்க மேசைக்குப் பின்னால நிண்டு எடுத்துக் குடுக்கிற. உள்ள வந்ததும் முதல் சொன்னது, இங்க படம் எடுக்கக்கூடாது. எனக்கு அந்த இடத்த அப்பவே பிடிச்சிட்டு.

பத்துப் பதினொரு மணிக்கு ஒரு அன்ரி வந்தா. அறுபது வயசிரிக்கும், பெரிய ஜக்கெட்டுக்குள்ள சின்ன ஆள், தள்ளுவண்டில். பிரெஞ்சில என்னவோ கேட்டா, எனக்கு விளங்கல்ல, கைய நீட்டிப் பருப்பு இருந்த பெட்டியக் காட்டினா, அது வெறும் பெட்டி. நான் எனக்குள்ளயே "மைசூர்ப் பருப்பு முடிஞ்சு போச்சே, மறுகாத்தான் வரும்" எண்டு முணுமுணுத்திட்டன். அவ டக்கெண்டு நிமிந்து பாத்தா. பிறகு எண்டதுக்கு மறுகா எண்டு சொல்ற ஆக்கள் எந்த ஊரெண்டு உலகத்தில வேற ஆருக்குத் தெரியும். நானும் பாத்தன். அவ உடன தலையக் குனிஞ்சு கடலைப் பையத் தடவித் தடவிப் பாக்கிறா. நான் அக்கா எந்த ஊர் எண்டு கேக்க வாயெடுத்து, பள்ளிக்கூட வரிசையில நான் நிண்டது ஞாபகம் வர, வாய மூடிட்டன். கடலை ரெண்டு பை, பால்மா ஒண்டு, கரட் எடுத்துக் குடுத்தன், மெர்சி எண்டு பிரெஞ்சிலயே சொன்னா. கதவு வரைக்கும் போய்க் கிறுகி வந்தா அம்மா. கிட்ட வந்து சின்னக் குரல்ல "வெளிய போகக்குள்ள கையுறையப் போடு மனே, விரல் விறைச்சிரும்" எண்டு சொல்லிட்டுப் போயிட்டா. எனக்கு அண்டைக்கு முழுக்க ஒண்டும் ஓடல்ல.

ஊர் பாத்த கதையும் சொல்லணும், அதுக்குத்தானே சல்லி கட்டினன். சென் ஜோசப் எண்டு ஒரு கோயில் மலைச் சரிவில, 283 படி, அதில நடுவில 99 மரப்படி முழங்கால்ல ஏறுற ஆக்களுக்கு மட்டும். ஒரு வயசான மனிசி ஒவ்வொரு படியா நிண்டு செபம் சொல்லிச் சொல்லி ஏறினா. உள்ளுக்கு ஊண்டுகோலெல்லாம் சுவர் நிறையத் தொங்குது, சுகமான சனம் விட்டுட்டுப் போனதாம். அதக் கட்டத் தொடங்கினவர் ஒரு பள்ளிக்கூடத்தில கதவு திறக்கிற வேல பாத்த பிரதர் அந்திரே, 2010ல புனிதராக்கினாங்க. அவர்ட இருதயத்தத் தனியா எடுத்து வச்சிரிக்காங்க, 1973ல ஆரோ அதக் களவெடுத்து அடுத்த வருசக் கடைசியிலதான் கிடைச்சதாம். ஆயித்தியமலை மாதாட்ட வருசம் தவறாமப் போற அம்மம்மாக்கு இத விளக்கமாச் சொல்லுங்க, அவ நம்பமாட்டா.

கடைசி நாள் மவுண்ட் றோயல் மலை. 233 மீற்றர்தான், நம்மட ஆக்கள் மலை எண்டே சொல்லமாட்டாங்க. உச்சியில பெரிய இரும்புச் சிலுவை, 1924ல வச்சது, நம்மட கல்லடிப் பழைய பாலமும் அந்த வருசந்தான். அதுக்கு முதல் அங்க மரச்சிலுவை இருந்ததாம். 1642ல இந்த ஊர் தொடங்கின வருசமே ஆறு பெருகிக் கோட்டைக்குக் கிட்ட வந்திட்டாம், தலைவர் தண்ணி வடிஞ்சா சிலுவையத் தோள்ல சுமந்து மலையேறுவன் எண்டு நேத்தி வச்சாராம், வடிஞ்சிட்டு, 1643 ஜனவரியில ஏறினாராம். கைட் இதச் சொல்லி முடிக்க எல்லாரும் வாவ் எண்டாங்க, நான் அம்மம்மாவ நினைச்சன். அவ பள்ளிக்கூட விறாந்தையில இருந்து கண்ணகி அம்மனுக்கு நேத்தி வச்சவ, தண்ணி வடிஞ்சது, ஆனா வேளாண்ம போயிட்டு, எண்டாலும் வைகாசிச் சடங்குக்குப் பொங்கல் வச்சுத்தான் ஓய்ஞ்சவ.

அங்கயே மேப்பிள் பாணியக் காய்ச்சிப் பனிக்கு மேல ஊத்தி ஒரு குச்சியில சுத்தித் தந்தாங்க. 40 லீற்றர் மரப்பால் காய்ச்சினா ஒரு லீற்றர் பாணி வருமாம். தயிருக்கு ஊத்துற கித்துள் பாணிக்குக் கிட்டவும் வராது, இத இங்க ஆருக்கும் சொல்லல்ல.

இப்ப கேள்விகள். நெல்லு என்ன விலைக்குப் போச்சு, வியாபாரி இந்த முறையும் ஈரம் எண்டு கழிச்சானா? அப்பாட முழங்கால் எப்பிடி? அந்த நீலப் பை, அம்மம்மா விதைநெல் கட்டி அடுப்படி மூலையில வச்சிருந்தாவே, இன்னும் இரிக்கா? இருந்தா எறியாதீங்க. அடுத்த கிழமை 80 டொலர் அனுப்புறன், கொஞ்சம் குறைவுதான், மாசக் கடைசியில சரிக்கட்டுறன்.

தம்பி, அம்மம்மா நித்திரையெண்டா இத நாளைக்கு வாசி.

அன்புடன்,
உங்கட மகள்