பழைய பாட்டு மட்டும் போதுமா, மச்சான்?

நகரி

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து தறியில் பாவு ஏற்ற ஆள் வந்துவிட்டதால் தள்ளிப்போய்விட்டது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தமிழ் சீரியலையும் தெலுங்கு சீரியலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார். நூல் விலைதான் ஒரு நிலையில் நிற்க மாட்டேன் என்கிறது. அதைப் பேச ஆரம்பித்தால் நான் எழுத வந்தது நின்றுவிடும்.

2025 ஜூன் 28, லண்டன் ஸ்டேடியம்! பேஸ் கிதார் வாசிக்கிற ஸ்டீவ் ஹாரிஸ் உயிராக நினைக்கிற வெஸ்ட்ஹாம் கால்பந்து அணியின் சொந்த மைதானத்தில், அவர் வளர்ந்த தெருக்களுக்குப் பக்கத்திலேயே அயர்ன் மெய்டனைப் பார்த்துவிட்டாய். 1975 கிறிஸ்துமஸ் அன்று அவர் ஆரம்பித்த இந்த ஹெவி மெட்டல் பேண்டுக்கு இது ஐம்பதாவது வருஷம். நீ எழுதியிருந்ததை ராத்திரி ஷெட்டிலேயே உட்கார்ந்து இரண்டு தரம் படித்தேன். ‘கில்லர்ஸ்’ ஆல்பத்திலிருந்து அடுத்தடுத்து மூன்று பாட்டு போட்டுத்தான் ஆரம்பித்தார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் எனக்குப் பால் டியானோ ஞாபகம் வந்தது. முதல் இரண்டு ஆல்பங்களில் பாடிய மனிதர் 2024 அக்டோபரில்தான் போய்ச் சேர்ந்தார். அவர் குரலில் நாம் கேட்டுப் பழகிய பாட்டுகளை அவர் இல்லாத வருஷத்தில் முதலாவதாக எடுத்துப் போட்டது மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஆனால் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீ எழுதியதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. “இனிமேல் புது ஆல்பமே வேண்டாம், 1980-லிருந்து 1992 வரை வந்த ஒன்பது ஆல்பத்தை வைத்தே ஓட்டட்டும், ‘சென்ஜுட்சு’ மாதிரி இழுவை இன்னொன்று வந்தால் நான் வாங்க மாட்டேன்” என்று எழுதிவிட்டாய். வேறு யாராவது சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். நீ சொன்னதால் விட முடியவில்லை.

2007 மார்ச்சை நினைத்துப் பார். சித்தூரில் பஸ் ஏறி பலமநேர், முல்பாகல் வழியாக பெங்களூர் போனோம். பேலஸ் கிரவுண்ட்ஸில் செம்மண் புழுதி எழும்பி எல்லார் கறுப்பு டி-ஷர்ட்டும் காவி நிறமாகிவிட்டது. முதலில் டெல்லி பேண்டான பரிக்ரமா வாசித்தார்கள். அன்றைக்கு வாசித்ததை வைத்தே மெய்டனின் மேனேஜர் அவர்களை அதே வருஷம் இங்கிலாந்தில் டவுன்லோட் ராக் விழாவுக்குக் கூப்பிட்டார். அப்புறம் மெய்டன் மேடை ஏறினார்கள். அந்த டூர் எந்த டூர் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? 2006-ல் வந்த ‘எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்’ ஆல்பத்துக்கான டூர். அதன் முதல் பகுதியில், அந்தப் புது ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அப்படியே வாசித்தார்கள். பழசைப் போடு, பழசைப் போடு என்று அப்போதும் கூட்டத்தில் கத்தினார்கள், திட்டி எழுதினார்கள். பெங்களூருக்கு வந்தபோது கொஞ்சம் குறைத்திருந்தாலும் புதுப் பாட்டுகள் இருந்தன. அவை வந்தபோது நீ என் தோளைப் பிடித்து உலுக்கியது எனக்கு மறக்கவில்லை. இன்றைக்கு அந்த ஆல்பத்தை நீயே ‘கிளாசிக்’ என்கிறாய். அன்றைக்குக் கத்தியவர்கள் பேச்சை ஹாரிஸ் கேட்டிருந்தால் நமக்கு அந்த ராத்திரி அப்படிக் கிடைத்திருக்குமா?

பாட்டு நீளம் என்பது உன் முதல் புகார். சரி, அந்த லண்டன் ராத்திரியிலேயே உச்சம் எது என்று நீ எழுதியிருக்கிறாய்? ‘ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரைனர்’. 1984 பாட்டு, பதிமூன்று நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. நடுவில் எல்லாம் அடங்கி, கப்பல் கட்டை முனகுகிற சத்தம் மட்டும் கேட்கிற அந்த இடத்தில் அத்தனை ஆயிரம் பேரும் மூச்சுவிடாமல் நின்றார்கள் என்று எழுதியவன் நீதான். அதைச் செய்தவரும் ஹாரிஸ்தான். இருபத்தெட்டு வயதில் அவர் நீளமாக எழுதினால் காவியம், அறுபதுக்கு மேல் எழுதினால் இழுவையா?

நம் பக்கத்து பாரதக் கூத்தில் அர்ச்சுனன் தபசுக்கு எத்தனை நேரம் காத்திருப்போம்! மரத்தடியில் நின்று ஒரு பாட்டு, படி ஏற ஏற ஒவ்வொரு பாட்டு. மேலே போய் அவர் எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் வீசுவதற்குள் வெயில் ஏறிவிடும். ஏன் இவ்வளவு மெதுவாக ஏறுகிறார் என்று கீழே நிற்கிற ஒருத்தரும் கேட்பதில்லை. ஏறுகிற நேரம்தான் தபசு. ஹாரிஸின் பிற்காலப் பாட்டுகளை நான் அப்படித்தான் கேட்கிறேன்.

‘சென்ஜுட்சு’வின் கடைசிப் பாட்டு ‘ஹெல் ஆன் எர்த்’ பற்றி உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ராத்திரி ஷிப்ட் இல்லாத நாளில் தறியெல்லாம் நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் காதுக்குள் நாடா ஓடிக்கொண்டே இருக்கும். அது அடங்கட்டும் என்று காத்திருந்துதான் ஹெட்போனை மாட்டுவேன். முதலில் மெல்லிய கிதார், அதற்கடியில் ஹாரிஸின் பேஸ், பின்னால் கீபோர்டு பனி மாதிரி பரவிக்கொண்டு வரும். நிமிஷக்கணக்கில் ஒரு அவசரமும் இல்லை. பிறகு மேளத்தோடு நிக்கோ உள்ளே வருவார். மூன்று கிதாரும் ஒரே மெட்டைச் சேர்ந்து எடுக்கும், அங்கிருந்து அந்தப் பழைய குதிரை ஓட்டம் ஆரம்பிக்கும். போரும் அதில் சிக்கின குழந்தைகளும்தான் விஷயம். பாடகர் டிக்கின்சன் அதைக் கோபமாகப் பாடவில்லை, பாரமாகப் பாடுகிறார். இதே மனிதர் 1982-ல் இதைப் பாடியிருந்தால் உச்சஸ்தாயியில் கத்தி நம்மை மிரளவைத்திருப்பார், ஆனால் இந்தப் பாரம் வந்திருக்காது. கடைசியில் எல்லாம் ஒவ்வொன்றாக விலகி, ஆரம்பத்தில் வந்த அந்த மெல்லிய மெட்டே திரும்ப வரும். பதினோரு நிமிஷம் போனதே தெரியாது. ஒரு தரம் ஷெட்டில் வேலை செய்கிற பையன் ஒரு பக்க ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டான். “பாகுந்தன்னா, மள்ளி பெட்டு” (நல்லா இருக்குண்ணா, திரும்பப் போடு) என்றான். அவனுக்கு இங்கிலீஷ் ஒரு வரி தெரியாது.

2023-24 டூரில் கடைசிச் சுற்றின் முதல் பாட்டாக, நெருப்பெல்லாம் எரியவிட்டு, இதைத்தான் வாசித்தார்கள். அந்த டூரை நீ வேலை காரணமாகத் தவறவிட்டாய். இந்த வருஷம் நீ பார்த்த டூரில் 1992-க்குப் பிறகு வந்த ஒரு பாட்டுக்கும் இடமில்லை. பிற்கால மெய்டனை மேடையில் கேட்காமலேயே அது வேண்டாம் என்கிறாய் என்பதுதான் எனக்கு வருத்தம்.

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மெல்லிய பேஸில் ஆரம்பித்து மெல்லிய பேஸிலேயே முடிப்பது ஹாரிஸுக்கு வழக்கமாகிவிட்டது. எண்பத்திரண்டு நிமிஷ ஆல்பத்தின் கடைசி மூன்று பாட்டையும் அவரே தனியாக எழுதி, மூன்றையும் பத்து நிமிஷத்துக்கு மேல் விட்டு, வரிசையாக அடுக்கியிருக்கவும் வேண்டாம். ‘டெத் ஆஃப் தி கெல்ட்ஸ்’ நடுவில் வந்திருந்தால் அதற்கே இன்னும் மரியாதை கிடைத்திருக்கும். சத்தப் பதிவிலும் குரல் கிதாருக்குள் புதைந்துபோகிறது என்று நீ சொல்வது சரி. 2000-லிருந்து தயாரிப்பாளர் கெவின் ஷெர்லிதான் கூட இருக்கிறார், கிட்டத்தட்ட மேடையில் வாசிப்பதைப் போலவே பதிவு செய்கிறார்கள். அந்த முறையில் வருகிற உயிரும் உண்டு, அந்தக் கலங்கலும் உண்டு. வேறு ஒரு ஆளை வைத்து ஒரு ஆல்பம் செய்து பார்க்கலாம் என்பதுதான் என் ஆசையும்.

ஆனால் ‘தி புக் ஆஃப் சோல்ஸ்’? அதையும் சேர்த்துத் தள்ளிவிடாதே. 1930 அக்டோபரில் பிரான்சில் விழுந்து எரிந்த ஆர் 101 ஆகாயக் கப்பலைப் பற்றி, பியானோவில் உட்கார்ந்து டிக்கின்சன் தனியாக எழுதிய பதினெட்டு நிமிஷப் பாட்டு அதில் இருக்கிறது. அந்தக் கப்பலில் போன 54 பேரில் 48 பேர் இறந்துபோனார்கள். புறப்பாடு, மழை, தடுமாற்றம், விழுந்த பிறகு வருகிற அமைதி, எல்லாம் அந்தப் பாட்டில் வரிசையாக வரும். அந்த ஆல்பத்தைப் பாடி முடித்த கையோடுதான் அவருக்கு நாக்கில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். வைத்தியம் முடிந்து, 2016-ல் போயிங் 747-ஐத் தானே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். இந்த மனிதரிடம் போய், உன் புதுப் பாட்டு வேண்டாம், பழசைப் பாடிவிட்டுப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மச்சான்.

மேளம் பற்றி. நிக்கோ இடத்துக்கு வந்த சைமன் டாசன் நிதானமாக அடிக்கிறார், பாட்டெல்லாம் ஓடாமல் நடக்கிறது, அது உனக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். நான் இங்கே ரசிகர்கள் எடுத்துப் போட்ட துண்டு வீடியோக்களில்தான் பார்த்தேன். நல்ல கை. ஹாரிஸின் இன்னொரு பேண்டான பிரிட்டிஷ் லயனில் கூடவே வாசித்தவர், அதனால் பேஸோடு ஒட்டி வருகிறார். இருந்தாலும் நிக்கோ மெக்பிரெய்ன் இருந்த இடம் எனக்கு இன்னும் வெறுமையாகத்தான் தெரிகிறது. 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன மனிதர், அதே வருஷம் மே மாதம் டூர் ஆரம்பித்தபோது மேளத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சில வேகமான அடிகளை விட்டுவிட்டு, தன்னால் முடிந்ததை வைத்தே முழு டூரையும் முடித்தார். 2024 டிசம்பர் 7, சாவ் பாவ்லோவில் கடைசி நிகழ்ச்சி. வெறுங்காலோடு ஒற்றை பெடலில் அந்த வேகத்தைக் கொடுத்த கால் அது. “நிக்கோ இல்லாமல் இது மெய்டனே இல்லை” என்று சிலர் சண்டை போடுகிறார்கள். நீ அதற்கு நேர் எதிர்ப் பக்கம். டாசனோடு ஒரு புது ஆல்பம் வந்தால்தான் எனக்கு இதில் ஒரு முடிவு தெரியும். நிக்கோவின் அடியையே திரும்ப வாசிக்கும்வரை அவர் கை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புது ஆல்பம் வேண்டும் என்று நான் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய பாட்டுகளுக்கு ஒரு டூர், புது ஆல்பத்துக்கு ஒரு டூர் என்றுதான் அவர்கள் இத்தனை வருஷமும் மாற்றி மாற்றிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2008-ல் பெரும்பாலும் எண்பதுகளின் பாட்டுகள், மும்பையிலிருந்துதான் அந்த டூரே கிளம்பியது. 2010-ல் புது ஆல்பம். 2012-ல் மறுபடி பழசு, 2016-ல் புதுசு. இந்த முறை பழசின் முறை, அதை நீ ஆசை தீரக் கேட்டுவிட்டாய், எனக்கும் சந்தோஷம். அடுத்தது புதுசின் முறை என்று நான் காத்திருக்கிறேன்.

போனை உள்ளே வைத்துவிட்டுக் கேளுங்கள் என்று பேண்ட் தரப்பில் கேட்டுக்கொண்டார்கள், நீயும் ஒரு படம்கூட எடுக்கவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்குப் படம் வராதது கொஞ்சம் ஏமாற்றம்தான், ஆனால் அப்படிக் கேட்டதால்தான் அந்தக் கப்பல் சத்தத்தை உன்னால் எனக்கு எழுத முடிந்தது.

அக்கா மகன் இப்போது பேஸ் கற்றுக்கொள்கிறான். திருத்தணியில் ஒருவரிடம் வாரம் ஒரு தரம் போகிறான். ஹாரிஸ் மாதிரி பிளெக்ட்ரம் (கம்பி மீட்டுகிற சின்னத் தகடு) இல்லாமல் இரண்டு விரலில்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்து விரல் நுனியெல்லாம் கொப்புளம். வருகிறபோது அவனுக்கு ஒரு செட் பேஸ் கம்பி வாங்கி வா, இங்கே நல்லது கிடைப்பதில்லை. பணத்தை நான் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

அடுத்த வருஷம் ஜூலையில் நெப்வொர்த்தில் வாசிக்கிறார்களே, போவாயா? போவதற்கு முன்னால் எனக்காக ஒரு வேலை செய். வீட்டில் யாரும் இல்லாத ஒரு சாயங்காலம் ‘ஹெல் ஆன் எர்த்’தை மட்டும் எடுத்துக்கொள், ஆல்பம் முழுக்க வேண்டாம். வேறு வேலை எதுவும் செய்யாமல் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை கேள். கேட்ட பிறகும் இழுவை என்று தோன்றினால் அப்படியே எழுது, எந்த நிமிஷத்தில் இழுக்கிறது என்றும் சேர்த்து எழுது. அந்த நிமிஷத்தை வைத்து நாம் சண்டை போடலாம்.

தங்கச்சியையும் குழந்தைகளையும் விசாரித்ததாகச் சொல்.

உன் அன்பு நண்பன்