ஓர்வியேட்டோவில் இறங்கினோம்

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் வீடு வந்து சேர்ந்து பத்து நாளாகிறது. துணியெல்லாம் துவைத்து மடித்தாகிவிட்டது. பெட்டியை மட்டும் அப்பா இன்னும் பரணில் ஏற்றவில்லை, திண்ணையிலேயே இருக்கிறது.

இத்தாலியில் ஃபிளாரன்ஸிலிருந்து ரோமுக்குப் போன அன்று நீ போனில் கோபப்பட்டாய். ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிற வேக ரயில் இருக்கும்போது, காலையில் கிளம்பி சாயங்காலமா போய்ச் சேருவது, நடுவில் போனையும் எடுக்கவில்லையே என்றாய். அன்றைக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால், "சரிம்மா, பத்திரமா போய்ட்டீங்கல்ல" என்று நீ முடித்துவிடுவாய். உன்மேல் தப்பில்லை, உனக்கு ஆபீஸ் வேலை. அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

வேக ரயிலுக்குத்தான் முதலில் போனோம். நேரம் நெருங்க நெருங்க அதன் டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகும் என்று நீ சொன்னதை நாங்கள் மறந்துவிட்டோம். மெஷினில் விலையைப் பார்த்த அப்பா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஒரு மாணவிதான் ரெஜியோனாலே வண்டியைப் பற்றிச் சொன்னாள். நம் ஊர் பாசஞ்சர் வண்டி மாதிரி அது. தூரத்துக்குத் தகுந்த கட்டணம், இன்றைக்கு எடுத்தாலும் அதே விலை. முன்பதிவு கிடையாது, காலியாக இருக்கிற இடத்தில் உட்காரலாம். ரோமுக்குப் போக மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகும். வழியில் மலைமேல் ஓர்வியேட்டோ என்று ஒரு ஊர் இருக்கிறது, இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் போங்கள் என்றாள். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் முத்திரை குத்தியதிலிருந்து நாலு மணி நேரம்தான் செல்லும், அதனால் ஓர்வியேட்டோ வரை ஒன்று, அங்கிருந்து ரோமுக்கு ஒன்று என இரண்டாக எடுக்கச் சொன்னாள். நடைமேடையில் இருக்கிற சின்ன மெஷினுக்குள் டிக்கெட்டைச் செருகி, தேதியும் நேரமும் விழுகிறதா என்று பார்த்துக் கொடுத்தாள். குத்தாமல் ஏறினால் டிக்கெட் கையில் இருந்தாலும் அபராதமாம். அந்தப் பிள்ளை நல்லா இருக்கட்டும்.

வேக ரயில் பாதி நேரம் சுரங்கத்துக்குள் ஓடுகிறது என்று மிலானிலிருந்து வந்தபோதே அப்பா குறைப்பட்டார், நினைவிருக்கிறதா? இந்த வண்டியில் அவர் ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை. முதலில் கொஞ்ச தூரம் ஆர்னோ ஆறு கூடவே வந்தது. அரெட்சோ தாண்டியதும் நிலம் அகலமாக விரிந்தது. உழுது போட்ட காடு, திராட்சைத் தோட்டம், வரிசையாகச் சைப்ரஸ் மரம். இடது பக்கம் மலைச்சரிவில் ஒரு ஊர் ஒட்டிக்கொண்டிருந்தது, அதுதான் கொர்த்தோனா. ஊர் மேலே, ஸ்டேஷன் கீழே சமவெளியில். "இவ்வளவு நல்ல நிலத்தைக் கீழே வைத்துக்கொண்டு ஏன் எல்லாரும் மேலே போய்க் குடியிருக்கிறார்கள்?" என்று அப்பா கேட்டார். இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு காலத்தில் சதுப்பாகக் கிடந்ததாம். கொசு, மலேரியா, அதற்கு மேல் படையெடுத்து வருகிறவர்கள். மேலே போனால்தான் உயிர் தங்கும். நிலத்தை வடித்துப் பயிர்க்காடாக ஆக்கியதெல்லாம் பின்னால் நடந்தது. வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து நான் இதைச் சொன்னதும் அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "மேலே போனால் தண்ணீருக்கு என்ன செய்வார்கள்?" என்றார். திராசிமேனோ ஏரி வலைவீசிப் போட்ட மாதிரி மின்னிக்கொண்டு போனபோதுகூட அவருக்கு அதே கேள்விதான்.

ஓர்வியேட்டோ ஸ்டேஷனில் இறங்கி நிமிர்ந்து பார்த்தால் ஊர் தெரியாது, பாறைதான் தெரியும். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மஞ்சள் பாறை, சுற்றிலும் செங்குத்தாக வெட்டி வைத்தது போல நிற்கிறது. ஸ்டேஷனுக்கு எதிரிலேயே மேலே போகிற கம்பிவட ரயில், பழனி விஞ்ச் மாதிரி. இரண்டு பெட்டி, ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது, நடுவழியில் விலகிக்கொள்கின்றன. இப்போது கரண்டில் ஓடுகிறது. 1888ல் தொடங்கியபோது தண்ணீரில் ஓடியிருக்கிறது. மேலே நிற்கிற பெட்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்பினால் அந்தக் கனத்தில் அது இறங்கும், கீழே இருப்பது மேலே வரும். அப்பா இதைக் கேட்டதும் என் கையைப் பிடித்து, "கமலைதான் இது" என்றார்.

எனக்குச் சட்டென்று ஒன்றும் ஓடவில்லை. மாட்டைப் பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலை, அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று!

மேலே போனதும் கோயிலைப் பார்க்கலாம் என்றேன். பக்கத்திலேயே கிணறு என்று பலகை இருந்தது, அவர் அந்தப் பக்கம் நடந்துவிட்டார். சான் பத்ரீசியோ கிணறு என்று பெயர். 1527ல் ரோமைப் பெரும்படை ஒன்று சூறையாடியபோது, போப் ஏழாம் கிளமெண்ட் தப்பி வந்து ஒளிந்த ஊர் இது. பாறை மேல் எதிரி ஏற முடியாது, ஆனால் முற்றுகை போட்டால் தாகத்தில் சாக வேண்டியதுதான். அதனால் தோண்டச் சொன்ன கிணறு. கட்டியவர் 'இளையவர்' என்று சொல்லப்படும் அந்தோனியோ தா சங்கால்லோ. 10 வருஷம் பிடித்து 1537ல் முடிந்திருக்கிறது. தோண்டச் சொன்னவர் அதற்கு முன்பே, 1534ல் இறந்துபோனார்.

50 மீட்டருக்கு மேல் ஆழம், 13 மீட்டர் அகலம். உள்ளே கிணற்றைச் சுற்றிக்கொண்டு இரண்டு படிக்கட்டு. ஒன்றின் மேல் ஒன்றாகச் சுழன்று இறங்குகின்றன, எங்கேயும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இறங்க ஒரு வழி, ஏற இன்னொரு வழி. அடியில் சின்னப் பாலத்தைக் கடந்தால் மற்ற படிக்கட்டில் நிற்போம். கோவேறு கழுதைகள் காலிக் குடத்தோடு ஒரு வழியில் இறங்கி, நிறைகுடத்தோடு மறு வழியில் ஏறுமாம். 248 படி. என் முழங்காலை நினைத்துப் பயந்தேன், ஆனால் கழுதைக்காகக் கட்டிய படி என்பதால் உயரமில்லை, அகலமாகப் படிந்து கிடக்கிறது. கிணற்றுப் பக்கம் வரிசையாக ஜன்னல்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஜன்னலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கினேன். மேலே வானம் வட்டமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. கீழே குளிர்ச்சி, பாசி வாசம்.

பாலத்தின் மேல் நின்று சுவரைத் தடவிக்கொண்டே அப்பா பேசினார். திருமங்கலத்துத் தோட்டத்தில் தாத்தா கமலை இறைத்தபோது அப்பாவுக்கு எட்டு வயசு. மாடுகள் சரிவில் இறங்க, வடம் இழுக்க, தண்ணீர் மொள்ளும் கூனை நிறைந்து மேலே வரும். இறங்கும்போது அப்பா வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாராம். அதெல்லாம் சந்தோஷம். கூனை கொட்டியதும் மாடுகள் பின்பக்கமாகவே நடந்து மேட்டுக்கு ஏற வேண்டும், நாள் பூராவும். "மாட்டைப் பின்னால் நடக்க வைக்கிறது பாவம்னு எங்க அப்பா சொல்லிக்கிட்டே இருப்பார். வேற வழி தெரியல. பாரு, இவன் கழுதை திரும்பவே வேண்டாத மாதிரி கட்டியிருக்கான்" என்றார். குரல் கிணற்றுக்குள் எதிரொலித்தது. அவர் கண் கலங்கியிருந்தது தம்பி. அந்த நேரத்தில்தான் நீ போன் அடித்திருக்கிறாய், அந்த ஆழத்தில் சிக்னல் இல்லை.

கிணறு வற்றி, போர் போட்டும் தண்ணீர் வராமல் அந்தத் தோட்டத்தை விற்றபோது நீ சின்னப் பையன். பத்திரம் முடிந்த நாளிலிருந்து அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கிளறவில்லை.

கோயிலையும் பார்த்தோம். 1290ல் தொடங்கிய பேராலயம். பக்கச்சுவர் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருக்கிறது, முகப்பில் தங்க மொசைக் வெயிலில் கண்ணைக் கூச வைக்கிறது. உள்ளே சிஞ்ஞொரெல்லி என்ற ஓவியர் சுவரில் படம் தீட்டிய ஒரு சிற்றாலயம் உண்டு, அந்தப் படத்தில் இறந்தவர்கள் மண்ணைப் பிளந்துகொண்டு எழுந்து வருகிறார்கள். எனக்கு அதைவிட முகப்பில் கைக்கெட்டும் உயரத்தில் செதுக்கிய ஆதாம் ஏவாள் கதைதான் பிடித்தது. உம்பிரிக்கெல்லி என்று கையால் உருட்டிய தடித்த பாஸ்தாவைத் தக்காளி, பூண்டு போட்டுக் கொடுத்தார்கள். நீ செய்கிறதைவிட நன்றாக இருந்தது, கோபித்துக்கொள்ளாதே.

சாயங்கால வண்டி 25 நிமிஷம் தாமதம். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பாறை மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அப்பா செவலை என்ற மாட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு பங்குனி மாதம், நடு இறைப்பில், வடம் அறுந்துவிட்டதாம். கூனை கிணற்றுக்குள் போய்விட்டது. செவலை முன்பக்கமாக உருண்டு சரிவின் அடியில் விழுந்து கிடந்தது. தாத்தா ஓடி வந்து... அவ்வளவுதான், வண்டி வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். அப்புறம் டைபர் ஆறு, கூட்டம், ரோம், உன் கோபம். கதை அங்கேயே நின்றுவிட்டது. நான் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன், "அப்புறம் சொல்றேன்" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது சர்க்கரை எவ்வளவு, மாத்திரை போட்டாரா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதே. செவலை எழுந்ததா என்று கேள். நான் பக்கத்தில்தான் இருப்பேன், ஸ்பீக்கரில் போடச் சொல்.

நாலு வருஷமாக இத்தாலியில் இருக்கிறாய், வழியில் ஒரு ஊரிலும் இறங்கியதில்லை என்றாய். ஒரு சனிக்கிழமை அந்த வண்டியில் போ. எந்தெந்த ஸ்டேஷனில் நிற்கும் என்பது ஸ்டேஷனில் ஒட்டியிருக்கிற மஞ்சள் தாளில் இருக்கும், மேலே ஓடும் பலகையில் கடைசி ஊர் பெயர்தான் பெரிதாகத் தெரிகிறது. டிக்கெட்டை மறக்காமல் குத்து. கிணற்றுக்குள் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள். அடியில் போய் நின்று அப்பாவுக்கு ஒரு படம் எடுத்து வா. நாங்கள் எடுத்ததெல்லாம் இருட்டாக விழுந்திருக்கிறது.

அன்புடன்,
அம்மா